ஆளுக்கொரு கைப்பிடி

தம்பி,

இன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். எங்கள் முந்திரிக் கொட்டகைக்கு லீவு. நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நெட் கிடைக்கும் இடம் தேடிப் புதுக்கோட்டைக்குப் போயிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்புகிறவன், துணிமணிகளை நானே அடுக்கிக்கொள்கிறேன், நீ தொடாதே என்று கட்டளை போட்டுவிட்டாய். அதனால் என் கை சும்மா இருக்கிறது. உன் மாடி அறையைப் பெருக்கப் போனவள், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிற வண்டிகளின் ஹாரன் கேட்கிறது. மீட்டிங் நடக்கும்போது அந்த ஹாரன் கேட்டால் நீ ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாய். இனி அது திறந்தே கிடக்கும். எழுதலாம் என்று தோன்றியது.

நேற்றுக் காலை தோசைக்கு உட்கார்ந்தபோது நீ பேசியதுதான் காரணம். வீட்டிலிருந்தே பார்த்த வேலைக்கு இனி சென்னை ஆபீஸுக்கே போகவேண்டும், உன் கீழே எட்டுப் பேர் கொண்ட அணி என்றாய், அதில் இரண்டு பேர் உன்னைவிட வயதில் மூத்தவர்கள் என்றாய். உன் அப்பா கையைக் கழுவிக்கொண்டே, "அப்ப எட்டுப் பேருக்கும் நீதான் மேஸ்திரின்னு சொல்லு" என்றார்.

"மேஸ்திரி இல்லப்பா, டீம் லீட்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. மேஸ்திரிக்குத் தலையில துண்டு, ஒனக்கு மடியில லேப்டாப்பு."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "உஷான்னு ஒருத்தவங்க இருக்காங்கம்மா. நல்லவங்கதான். ஆனா டிக்கெட் முடிக்கிறது ரொம்பக் கம்மி. ஸ்கிரீன்ல பாத்தா டீம்லயே அவங்கதான் கடைசி. நான் அங்க போன மொத வாரத்துலயே எல்லாரைப் பத்தியும் ரேட்டிங் எழுதணும். நம்பர் சொல்றதை அப்படியே எழுதுனா, அவங்களை வேலைய விட்டே எடுத்துருவாங்க. நானா ஒண்ணும் பண்ணலம்மா. நம்பர்தான் சொல்லுது."

டிக்கெட் என்றால் வாடிக்கையாளர்கள் அனுப்புகிற குறை என்றும், ஒன்றைச் சரிசெய்து முடித்தால் உங்கள் கணக்கில் ஒன்று ஏறும் என்றும் முன்பு ஒருமுறை எனக்கு விளக்கியிருக்கிறாய். அதனால் நீ சொன்னது புரிந்தது. நான் இன்னொரு தோசையைப் போட்டேன். என்னிடம் ஒரு பதில் இருந்தது. அது தோசைக்கல் பக்கத்தில் நின்று சொல்லி முடிக்கிற அளவு சின்னதாக இல்லை. போன பங்குனி முதல் எங்கள் கொட்டகையில் நடந்ததில் பாதியை நான் வீட்டில் சொல்லவே இல்லை. முழுவதையும் சொன்னால்தான் நான் எதற்கு வாயை மூடிக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும்.

நான் அந்த முந்திரிக் கொட்டகையில் சேர்ந்தபோது நீ ஏழாம் வகுப்பு. கெமிஸ்ட்ரி படித்தவள் முந்திரி உடைக்கிற இடத்துக்குப் போவதா என்று உன் அத்தை கேட்டாள். நான் உடைக்கப் போகவில்லை, உடைக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளப் போனேன். எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. கண்ணாடி போட்டு, கையில் பேனா வைத்திருந்ததற்குக் கிடைத்த பட்டம் அது. உண்மையில் அங்கே கற்றுக்கொடுத்தவள் செல்வி. உனக்கு அவளைத் தெரியும். நம் வீட்டுக்கு வந்து உன்னிடம், "என்ன தம்பி, வீட்டுக்குள்ளயே ஒக்காந்து சம்பளம் வாங்குறியாமே, அந்த வேலை எனக்கும் ஒண்ணு பாத்துக்குடேன்" என்று கேட்டாளே, அவள்தான். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வாய் ஓயாது. காலையில் பாதி நாள் லேட். கேட்டால் பஸ்ஸைத் திட்டுவாள். பஸ் சரியான நேரத்துக்கு வந்ததை நானே பார்த்திருப்பேன்.

முந்திரி உடைக்கிறதைப் பார்க்க எளிதாக இருக்கும். வேகவைத்த கொட்டையை மெஷினின் இரண்டு கத்திகளுக்கு நடுவே வைத்து, காலால் மிதித்து, கையால் பிடியை இழுத்தால் ஓடு பிளக்கும். பருப்பு முழுதாக வரவேண்டும், உடைந்தால் விலை பாதியாகிவிடும். கொட்டையை எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது, எந்த நொடியில் காலை நிறுத்துவது என்பதெல்லாம் சொல்லி வருவதில்லை. அதனால் புதிதாக யார் வந்தாலும் செல்விக்குப் பக்கத்து மெஷினில் உட்காரவைப்போம். அவள் ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டே ஒரு கண்ணைப் புதியவளின் கையில் வைத்திருப்பாள். தப்பாக வைத்தால், "ஆத்தா, நிறுத்து நிறுத்து" என்று ஒரு சத்தம். ஆனால் புதியவளின் கையிலிருந்து கொட்டையைப் பிடுங்கித் தான் வைத்துக் காட்டமாட்டாள். மறுபடி அவளையே வைக்கச் சொல்வாள். இதில் செல்வியின் வேலை கெடும். தன் டப்பா நிறையாது, கூலியோ பருப்பின் எடைக்குத்தான்.

அதற்குத்தான் எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் எடை போடுவதற்கு முன், செல்விக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறவர்கள் எழுந்து போகிற போக்கில் தங்கள் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு கைப்பிடி பருப்பை அவள் டப்பாவில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லி நடந்ததில்லை. செல்வியும் நன்றி சொல்லமாட்டாள். தராசுக்குப் போகும்போது டப்பாவை லேசாகக் குலுக்கி மட்டப்படுத்துவாள், அவ்வளவுதான். புள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பாதியில் ஓடினவளின் டப்பாவுக்கும் இதே மாதிரி கைப்பிடி விழும். நான் பார்ப்பேன், பார்க்காத மாதிரி பேனாவைத் தேடுவேன். அது ஏன் நடக்கிறது, அதனால் கொட்டகையில் எது ஓடுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஏதோ பிரியத்தில் செய்கிறார்கள் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

பிறகு டேப்லெட் வந்தது. எங்கள் முதலாளியைக் குறை சொல்லமாட்டேன். உன்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார், அப்பா நடத்திய தொழிலைச் சீராக நடத்தவேண்டும் என்று நினைக்கிறவர். ஒரு நாள் காலையில் திருச்சியிலிருந்து ஒரு பையன் வந்து சுவரில் டிவி மாட்டினான். தராசோடு ஒரு வயரைச் சேர்த்து, கணக்குப் பார்க்க என் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தான். எல்லோரையும் நிற்கவைத்து வேகமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "டவுட் இருக்கா?" என்றான்.  எனக்குத் தலை முதல் கால் வரை டவுட். ஆனால் டீச்சர் எப்படி டவுட் கேட்பது? தலையை ஆட்டினேன். நான் ஆட்டினதும் எல்லோரும் ஆட்டினார்கள். அவனும் திருப்தியாக அடுத்த வேலைக்குப் போனான்.

அடுத்த வேலை கைரேகை. ஒவ்வொருவராக விரலை வைக்க, மெஷின் ஒவ்வொருவரையும் வேண்டாம் என்றது. பையன் கண்ணாடியைத் துடைத்தான், மறுபடி வைக்கச் சொன்னான். வயதில் மூத்த ராசாத்திதான் சொன்னாள்: "எத்தனவாட்டி தொடச்சாலும் வராது தம்பி. எங்க ரேகையெல்லாம் கொட்டைப் பாலு தின்னு நாளாச்சு. ரேசன் கடையிலயும் இதே கூத்துதான்." முந்திரி ஓட்டிலிருந்து வருகிற அந்தக் காரமான எண்ணெயைத்தான் கொட்டைப் பால் என்போம். விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டாலும் விரலை அரித்துவிடும். செல்வி உடனே, "அப்ப நம்ம எல்லாரும் திருடப் போலாம்டி, ஒருத்தனும் பிடிக்கமுடியாது" என்றாள். பையனே சிரித்துவிட்டான். கடைசியில் ஆளுக்கொரு அட்டை, அதில் படம். அட்டையைக் காட்டி, டப்பாவைத் தராசில் வைத்தால், படமும் எடையும் அப்போதே டிவியில் வந்துவிடும். அதிகம் உடைத்தவர்கள் மேலே பச்சையில். நடுவில் மஞ்சள். கீழே சிவப்பு.

நீ நினைப்பதுபோல நான் இதற்கு எதிரி இல்லை. சொல்லப்போனால் எனக்குப் பிடித்தது. தராசுக்கு முன்னால் நடக்கிற சண்டை ஒரே வாரத்தில் நின்றது. முன்பெல்லாம் முள் அசைவதைக் குனிந்து பார்த்து, குறைத்துப் போட்டுவிட்டாய் என்று என் மேல் பாய்வார்கள். இப்போது எடை அவரவர் போனுக்கே வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ராசாத்தி தன் படத்தை டிவியில் பார்த்துவிட்டு, "நான் இம்புட்டு நல்லாவா இருக்கேன்" என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் சாயங்காலம் கணக்கு எழுதுகிற தலைவலி போனது. நீகூடச் சொன்னாய், இப்பதான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றே என்று.

ஆனால் அந்த டேப்லெட்டை நான் கற்றுக்கொண்ட கதை உனக்குத் தெரியாது. முதலில் உன்னிடம்தான் வந்தேன். இந்த அறைக்கே வந்து நின்றேன். "குடும்மா, இது சின்ன விசயம்" என்று டேப்லெட்டை என் கையிலிருந்து வாங்கி, நாலு இடத்தில் தட்டி, முடித்துக் கொடுத்தாய். மறுநாள் எனக்கு மறுபடி தெரியவில்லை. திரும்ப வந்தேன். "அதான் நேத்தே காட்டினேனேம்மா" என்று திரும்பவும் வாங்கித் தட்டினாய். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, உனக்கு மீட்டிங் இருந்தது. மூன்றாவது தடவை நான் மாடிப்படியில் பாதி வரை வந்துவிட்டுத் திரும்பினேன். கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருந்த கௌசல்யா என்ற பெண்ணிடம் கேட்டேன். கல்லூரியைப் பாதியில் விட்டவள், போனில் எல்லாம் தெரியும். அவள் என் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கவே இல்லை. "நீங்களே அமுக்குங்க டீச்சர், தப்பா அமுக்குனா வெடிச்சா போவும்" என்றாள். யார் மாதிரி பேசுகிறாள் என்று யோசித்தேன். அவள் அப்போது செல்விக்குப் பக்கத்து மெஷினில் பழகிக்கொண்டிருந்தாள்.

டேப்லெட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு புதுப் பழக்கமும் வந்தது. நடப்பதை நிறுத்திவிட்டேன். முன்பெல்லாம் வரிசை வரிசையாகச் சுற்றிவருவேன். யார் முகம் வாடியிருக்கிறது, யார் மெஷின் இழுக்கிறது என்று நடக்கும்போதுதான் தெரியும். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் தெரிகிறதே என்று இருந்துவிட்டேன். தெரிந்தது நிறங்கள்தான். செல்வி சிவப்பில் இருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தொடர்ந்து சிவப்பு. அட்டையைக் காட்டி, தானே தராசில் வைக்கவேண்டும் என்று ஆனபிறகு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கைப்பிடி போடப் பயம் வந்துவிட்டது. தங்கள் எடை குறைந்தால் டிவியில் தெரியுமே. அதையும் நான் கவனிக்கவில்லை. செல்விக்கு வேலையில் அக்கறை போய்விட்டது என்றுதான் நானும் முடிவுகட்டினேன். லேட்டாக வருகிறவள், வாயாடி, நிறம் வேறு சிவப்பு. எல்லாம் பொருந்திப்போனது.

அப்போதுதான் முதலாளியிடமிருந்து தகவல் வந்தது. தொடர்ந்து சிவப்பில் இருப்பவர்களை மெஷினிலிருந்து எடுத்து, வெளியே கொட்டை காயவைக்கிற களத்துக்கு மாற்றிவிடலாம் என்று. களம் என்றால் வெயில். கூலியும் குறைவு, வருஷம் முழுக்க வேலையும் இருக்காது. செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் டிவியைப் பார்த்து, "நான் ஒருத்தியாவது கீழ இருந்தாத்தான டீச்சரு மத்தவளுக மேல இருக்கமுடியும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் ஒரு பேச்சை முடித்து நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டில் அவள் ஒருத்தியின் கூலிதான். புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அப்படித்தான். அதை அவள் சொல்லவில்லை. எனக்கே தெரியும், தெரிந்தும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசயம் சாப்பாட்டு நேரத்துக்குள் கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. செல்வியைச் சிவப்பிலிருந்து தூக்கிவிடுவது என்று பேசிவைத்துக்கொண்டார்கள். எவ்வளவு போட்டால் எந்த நிறம் வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்து ஆள் மட்டும் போட்டுவந்த கைப்பிடியை அன்றைக்குக் கொட்டகையே போட்டது. அடுத்தவள் குறைவாகப் போட்டிருப்பாள் என்று நினைத்து ஒவ்வொருத்தியும் தாராளமாகப் போட்டிருக்கிறாள். ஆளுக்கொரு தடவை உப்புப் போட்ட குழம்பு மாதிரி ஆகிவிட்டது. செல்வி டப்பாவைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைத்தாள். டிவியில் அவள் படம் கடைசியிலிருந்து குதித்து முதலிடத்துக்குப் போய் நின்றது. இரண்டாம் இடத்தில் இருந்தவளுக்கும் அவளுக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்துக் கொட்டகையே டிவி முன்னால் கூடிவிட்டது. "அடியே, கவுத்துப்புட்டீங்களேடி" என்றாள் செல்வி.

முதலாளியின் போனிலும் அது போயிருக்கிறது. மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. கையில் ஒரு சால்வை, ஒரு பெட்டி மைசூர்பாகு. செல்வியை எழுந்து நிற்கச் சொல்லிச் சால்வையைப் போர்த்தினார். "கடைசியில இருந்தவங்க முயற்சி பண்ணி மொதலிடத்துக்கு வந்திருக்காங்க. இவங்க கையை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பப்போறேன். பாத்துக் கத்துக்குங்க" என்றார். ராசாத்தி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு தூண் பக்கம் திரும்பிவிட்டாள்.

செல்வி மெஷினில் உட்கார்ந்தாள். முதலாளி போனைப் பிடித்தார். "நீ பாட்டுக்கு ஒன் வேலையைப் பாரும்மா. கேமராவைப் பாக்காத."

"நான் வேலையத்தான் மொதலாளி பாக்குறேன். அதுதான் என்னையப் பாக்குது."

முதல் கொட்டையில் பருப்பு இரண்டாக உடைந்தது. அடுத்ததும். மூன்றாவது ஒழுங்காக வந்தது. அதற்குள் பக்கத்து மெஷினில் கௌசல்யா எதையோ தப்பாக வைத்துவிட்டாள் போல. செல்வி தன் காலை நிறுத்திவிட்டு அங்கிட்டுத் திரும்பி, "ஏய், வயித்துப் பக்கமா வைக்காத, ரெண்டாப் போவும். வளைவை ஒம் பக்கம் திருப்பு. இன்னுங் கொஞ்சம். ஆங், இப்ப மிதி" என்றாள். முதலாளி, "அந்தப் பிள்ளையை விடும்மா, ஒன் கையைக் காட்டு" என்றார். செல்வி திரும்பி இரண்டு கொட்டை உடைத்தாள். மறுபடி கண் அங்கிட்டுப் போய்விட்டது. "அவசரப்படாதடி, கொட்டை எங்கயும் ஓடிறாது." வீடியோ முழுக்க இதேதான். முதலாளி போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? நேத்து எடை எப்படி வந்துச்சு?"

தராசு கோளாறு என்று நான் சொல்லியிருக்கலாம், தம்பி. நெட் பிரச்சினை என்று சொல்லியிருந்தால் திருச்சிப் பையனே ஆமாம் என்றிருப்பான். செல்வி அடுத்த வாரம் சத்தமில்லாமல் களத்துக்குப் போயிருப்பாள், எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அத்தனை பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடி விசயத்தைச் சொன்னேன். நேற்று மட்டும் இல்லை, எத்தனையோ வருடமாக நடக்கிறது, எனக்கும் தெரியும் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "அப்ப இத்தன நாளு வந்தது எல்லாமே பொய்க்கணக்கா?" என்றார்.

 திரும்பி டிவியைப் பார்த்தேன். பச்சையில் இருந்த படங்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. "மொதலாளி, அந்தப் பச்சையில இருக்குற ஒவ்வொருத்தரையும் நீங்களே கேளுங்க, யாருகிட்ட பழகுனாங்கன்னு" என்றேன். அவர் கேட்கவில்லை. கேட்காமலே முதல் வரிசையிலிருந்து ராசாத்தி, "நானுந்தான். எனக்கு அவளவிட வயசு கூட, வெக்கத்தவிட்டுச் சொல்றேன், வறுத்து ஒடைக்கிற பழய மொறை போயி இந்த மெஷின் வந்தப்ப அவதான் எனக்குப் பழக்குனா" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "எனக்குக் கெட்ட வார்த்தையும் அவதான் பழக்குனா" என்றது. முதலாளி சிரித்துவிட்டார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அவர் அங்கேயே நின்று திருச்சிப் பையனுக்குப் போன் போட்டு, பழக்கிவிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கட்டம் போடமுடியுமா என்று கேட்டார். "அந்த ஆப்ஷன் இல்ல சார்" என்று பதில் வந்தது. ஆப்ஷன் இல்லாவிட்டால் என்ன, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று நான் ஒன்று சொன்னேன். புதிதாக வருகிறவளுக்கு எப்படியும் முதல் மாதம் நாள் கூலிதான். அதுவரை அவளுக்குத் தனி அட்டை வேண்டாம். அவள் உடைப்பதும் செல்வியின் அட்டையிலேயே ஏறட்டும். முதலாளி, "ஒரு மாசம் பாப்போம்" என்றார். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. செல்வி அதை இப்போது மெஷின் மேல் தூசு படாமல் மூடிவைக்கிறாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அவளுக்கு மட்டும் இரண்டு ஆள் எடையா என்று முணுமுணுப்பு வந்தது, இப்போதும் இருக்கிறது. புதியவர்கள் யாரும் இல்லாத வாரத்தில் செல்வி மஞ்சளில்தான் நிற்கிறாள். பாதியில் வீட்டுக்கு ஓடுகிறவளின் டப்பாவுக்கு இப்போது கைப்பிடி விழுவதில்லை. அதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆனால் அந்த வீடியோவை முதலாளி அழிக்கவில்லை. குரூப்பில் போட்டார். கௌசல்யாவின் தங்கை வீட்டிலேயே அதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு வேலைக்கு வந்தாள். வளைவை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று வரும்போதே தெரிந்திருந்தது. ஆனாலும் காலை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் செல்வி பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நான் மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறேன். டேப்லெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். இரண்டும் வேண்டியிருக்கிறது.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். உன் வேலை எனக்குத் தெரியாது. உன் ஸ்கிரீனில் எத்தனை நிறம் என்றும் தெரியாது. உஷா உண்மையிலேயே வேலையில் மந்தமாக இருக்கலாம். அப்படியானால் அதை நீ எழுதத்தான் வேண்டும்; பாவம் பார்த்துப் பொய் எழுதச் சொல்லி நான் இதை எழுதவில்லை. எனக்குக் காதில் விழுந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நீ இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம் நினைவிருக்கிறதா? சாப்பிடக் கீழே இறங்கமாட்டாய். நான் தட்டை மேலே கொண்டுவருவேன். கதவைத் தட்டினால் சிவந்த கண்ணோடு திறப்பாய். எனக்கு இந்த வேலை வராதும்மா, விட்டுறவா என்று ஒரு நாள் கேட்டாய். நான் ரசத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன். அதற்கப்புறம் நான் காபி கொண்டுவரும் நேரங்களில் லேப்டாப்பில் ஒரு பெண் குரல் கேட்கும். கொஞ்சம் கரகரப்பான குரல். "பரவால்ல தம்பி, நீங்களே டைப் பண்ணுங்க, நான் பாத்துட்டுதான் இருக்கேன். அவசரமில்ல." ஒரு நாள் அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றீர்கள். அந்தக் குரல் ஒரு தடவைகூட, தள்ளுங்க நான் செய்கிறேன் என்று சொல்லவில்லை. நான் காபியை வைத்துவிட்டுக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு யாரோ ஒருத்தி இத்தனை பொறுமையாகச் சொல்லித்தருகிறாளே என்று நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளில் நீ சிரித்துக்கொண்டே கீழே இறங்கிச் சாப்பிட வந்தாய். நான் அப்போது உன்னிடம் அந்தப் பெண் பெயரைக் கேட்டேன். நீ சொன்னாய். நேற்றுத் தோசை சாப்பிடும்போதும் அதே பெயரைத்தான் சொன்னாய்.

அந்தக் குரலை இப்போதும் எப்போதாவது கேட்கிறேன். போன மாதம்கூட உன் அணியில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒரு பையனிடம், "நீங்க ஸ்கிரீனைக் காட்டுங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீ ஹெட்போன் மாட்ட மறந்திருந்தாய். அவன் முடித்த டிக்கெட் யார் கணக்கில் ஏறியது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

நேற்றுக் கொட்டகையில் செல்வியிடம் இதைச் சொன்னேன். நீ ஊருக்குப் போகிறாய் என்று அங்கே பருப்பு வாங்கினேன், அப்போது பேச்சுவாக்கில் வந்துவிட்டது. அவள் காலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அங்கிட்டும் ஒருத்தி இருக்காளா!" என்று அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஏதோ தொலைந்துபோன சொந்தக்காரி கிடைத்துவிட்ட மாதிரி. பிறகு, "அவகிட்டச் சொல்லச் சொல்லுங்க டீச்சரு, வாயக் குடுத்துக்கிட்டே வேலை பாத்தா செவப்புத்தான் வரும்னு" என்றாள்.

உன் பெட்டியை நான் தொடவில்லை. தோள்பையின் பக்கத்து ஜிப்பில் மட்டும் இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். இரண்டும் முழுப் பருப்பு. பெரியது உனக்கு. சின்னது உஷாவுக்கு. பணம் கொடுத்து அளந்து வாங்கியதுதான். கட்டும்போது செல்வி தான் வாங்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு கைப்பிடியைச் சின்னப் பொட்டலத்தில் போட்டாள், பார்த்துக்கொண்டிருந்த ராசாத்தியும் தன் பங்குக்குப் போட்டாள். அதனால் சின்னதுதான் இப்போது பெரிதாகிவிட்டது. மாற்றிக் கொடுத்துவிடாதே, சின்னதாக இருக்கவேண்டியதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

இரண்டு வருடம் பேசியிருக்கிறாய், அவர்களை நேரில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. போன முதல் நாளே அவர்கள் இருக்கிற இடத்துக்கு நீயே நடந்து போய், உன் கையால் கொடு. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார். யார் யார் அவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று பார். அப்புறம் உன் நாற்காலிக்கு வந்து, உனக்கு எது உண்மை என்று படுகிறதோ அதை எழுது.

கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது. நீ வருகிற நேரம்தான்.

அம்மா